அக்கூஸ்டிக் கிட்டாருக்குப் பிக்கப் பொருத்துதல்

அக்கூஸ்டிக் கிட்டார் என்பது மின்சாரத்தின் துணையின்றித் தன் மரப்பெட்டியின் அதிர்வாலேயே ஒலிக்கும் கிட்டார் ஆகும். மேடையில் இதன் ஒலியை ஒலிபெருக்கி வழியாகக் கேட்கச் செய்ய, கம்பியின் அதிர்வையோ பலகையின் அதிர்வையோ மின்குறிப்பாக மாற்றும் சிறு கருவி ஒன்றை அதில் பொருத்துவர். அக்கருவி பிக்கப் எனப்படும். தொழிற்சாலையிலேயே பிக்கப் பொருத்தி வரும் கிட்டாரை நம் ஊர்க் கடைகளில் 'செமி அக்கூஸ்டிக்' என்று சொல்வது வழக்கம். அதன் சரியான பெயர் எலக்ட்ரோ அக்கூஸ்டிக். செமி அக்கூஸ்டிக் என்பது உண்மையில் உள்ளே வெற்றிடம் கொண்ட ஒரு மின்கிட்டார் வகை. இக்கட்டுரை, பிக்கப் இல்லாமல் வாங்கிய கிட்டாரில் பின்னர் அதைப் பொருத்துவது பற்றியது.

மைக் இருக்கப் பிக்கப் எதற்கு?

கிட்டாருக்கு முன்னால் நல்ல மைக் ஒன்றை வைத்தால் கிடைக்கும் ஒலிக்கு ஈடான ஒலியை எந்தப் பிக்கப்பும் தருவதில்லை. ஒலிப்பதிவுக் கூடங்களில் இன்றும் மைக்தான் வைக்கிறார்கள். ஒருவர் மட்டும் பாடி வாசிக்கும் அமைதியான அரங்கிலும் மைக் போதும். அதே மேடையில் டிரம்ஸ், கீபோர்டு, பாஸ் கிட்டார் எல்லாம் சேரும்போதுதான் சிக்கல் வருகிறது. கிட்டாருக்கு வைத்த மைக் பக்கத்தில் உள்ள டிரம்ஸையும் பிடிக்கும். வாசிப்பவர் ஒரு சாண் நகர்ந்தால் ஒலி குறையும். ஒலியைக் கூட்டினால் மைக் கூவத் தொடங்கும். தேவாலயப் பாடகர் குழுவிலும் மெல்லிசைக் குழுவிலும் வாசிப்போர் பலரும் பிக்கப்புக்கு வருவதன் காரணம் இதுதான். வீணைக் கச்சேரிகளில் 'காண்டாக்ட் மைக்' ஒட்டுவதும் இதே தேவையால் எழுந்த வழக்கமே.

சுருக்கமான வரலாறு

அக்கூஸ்டிக் கிட்டாரில் பின்னர் பொருத்தக்கூடிய காந்தப் பிக்கப்புகளை அமெரிக்காவின் டிஆர்மண்ட் 1930களிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. கிப்சன் நிறுவனம் 1954இல் ஜே-160ஈ என்ற கிட்டாரை வெளியிட்டது. விரற்பலகையின் முனையில் ஒரு காந்தப் பிக்கப்பும், மேற்பலகையில் ஒலி அளவையும் தொனியையும் மாற்றும் திருகுகளும் அதில் இருந்தன. பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் 1962இல் ஆளுக்கொன்று வாங்கினர். 1964இல் வெளிவந்த 'ஐ ஃபீல் ஃபைன்' பாடலின் தொடக்கத்தில் கேட்கும் ரீங்காரம், லெனனின் அந்தக் கிட்டாரும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்து எழுப்பிய ஃபீட்பேக்தான். மேடையில் எல்லோரும் அஞ்சும் ஒரு தொல்லையை அவர்கள் பாட்டிலேயே சேர்த்துவிட்டார்கள்.

1970களில் நிலைமை மாறியது. ஒவேஷன் நிறுவனம் சேடிலுக்கு அடியில் பீசோ பிக்கப் வைத்த கிட்டார்களைப் பரவலாக்கியது. சில பொருட்களை அழுத்தும்போது மின்னழுத்தம் தோன்றும் என்பதை பியர் கியூரி, ஜாக் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்திருந்தனர். அந்தப் பீசோ விளைவே இவ்வகைப் பிக்கப்பின் அடிப்படை.

பிக்கப் வகைகள்

பின்னர் பொருத்துவதற்கு மூன்று வகைகள் பெருவழக்கில் உள்ளன. அதிர்வை எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதில்தான் ஒவ்வொன்றின் குணமும் அடங்கியிருக்கிறது.

ஒலித்துளையில் வைக்கும் காந்தப் பிக்கப் கம்பியின் அசைவை மட்டுமே அறியும். பலகை அதிர்வதை அது பெரும்பாலும் உணர்வதில்லை. ஆகவே ஒலி சற்று மின்கிட்டாரைப் போல இருக்கும். பெட்டியைத் தட்டி வாசிக்கும் தாளம் சரியாகக் கேட்காது. ஆனால் உரத்த மேடையில் எளிதில் கூவாது. எஃகுக் கம்பி இருந்தால்தான் இது வேலை செய்யும். நைலான் கம்பி பூட்டிய கிளாசிக்கல் கிட்டாருக்கு இது பயன்படாது. தடித்த கம்பிகளின் மேல் சுற்றியிருக்கும் வெண்கலச் சுருள் காந்தத்துக்கு வசப்படாதது. உள்ளிருக்கும் எஃகு மட்டுமே குறிப்பைத் தரும். சுருள் இல்லாத இரண்டாம் கம்பி மற்றவற்றை மிஞ்சி ஒலிக்க இதுவே காரணம். அக்கூஸ்டிக் கிட்டாருக்கென்றே செய்த பிக்கப்புகளில் அந்தக் கம்பிக்கான காந்தமுனையைத் தாழ்த்தி வைத்திருப்பார்கள்.

சேடிலுக்கு அடியில் வைக்கும் பீசோ பட்டை, தொழிற்சாலைக் கிட்டார்களில் மிகுதியாகக் காணப்படுவது. பிரிட்ஜின் மேல் கம்பிகள் ஏறிச் செல்லும் வெள்ளைத் துண்டே சேடில். கம்பிகளின் முழு அழுத்தமும் அதன் வழியே இப்பட்டையின் மேல் இறங்குகிறது. ஒலி தெளிவாகவும் கூர்மையாகவும் வரும். குழு வாசிப்பில் தனித்துக் கேட்கும். ஓங்கி அடித்தால் பிளாஸ்டிக்கைத் தட்டுவது போன்ற ஒரு 'க்வாக்' ஒலி வருவதே இதன் பெயர்போன குறை.

மூன்றாவது, பிரிட்ஜுக்கு நேர் கீழே, பெட்டியின் உட்புறத்தில் ஒட்டும் பீசோ வில்லைகள். பலகையின் அதிர்வையே இவை பிடிப்பதால் ஒலி மரத்தன்மையோடு இருக்கும். விரலால் தட்டும் தாளமும் கேட்கும். அதே காரணத்தால் ஃபீட்பேக்குக்கு இவையே எளிதில் இரையாகும். அமைதியான மேடைக்கு இவ்வகையையும், டிரம்ஸ் உள்ள மேடைக்குக் காந்தப் பிக்கப்பையும் தேர்வது நல்லது. இரண்டு மேடையிலும் வாசிப்பவர் சேடில் பட்டையோடு சமாதானம் செய்துகொள்ளலாம்.

ப்ரீஆம்ப் ஏன் தேவை?

பீசோ பிக்கப்பை வாங்கி நேரே மிக்சரில் செருகிவிட்டு, 'ஒலி தகரம் போல இருக்கிறது' என்று பிக்கப்பைக் குறை சொல்வோர் பலர். பெரும்பாலும் பிழை பிக்கப்பில் இல்லை. பீசோ ஒரு சிறிய மின்தேக்கியைப் போல நடந்துகொள்கிறது. அதை எந்தக் கருவியில் இணைக்கிறோமோ அக்கருவியின் உள்ளீட்டு மின்மறுப்பும் இந்தக் கொள்ளளவும் சேர்ந்து, தாழ்ந்த சுரங்களை வெட்டும் வடிகட்டி ஒன்றை உருவாக்கிவிடுகின்றன. பிக்கப்பின் கொள்ளளவு 1 நானோஃபாரட் என்று கொள்வோம். மிக்சரின் லைன் உள்ளீடு 10 கிலோ ஓம் என்றால், கணக்குப்படி ஏறத்தாழ 16,000 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதெல்லாம் குறையத் தொடங்கும். கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது! உள்ளீடு 1 மெகா ஓம் என்றால் அந்த எல்லை சுமார் 160 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். 10 மெகா ஓம் என்றால் 16 ஹெர்ட்ஸ். அப்போதுதான் முழு ஒலியும் கிடைக்கும்.

இந்த உயர்ந்த மின்மறுப்பைத் தருவதே ப்ரீஆம்பின் முதல் வேலை. ஒலியைக் கூட்டுவது அதற்கு அடுத்தது. ப்ரீஆம்பைக் கிட்டாருக்குள்ளேயே 9 வோல்ட் பேட்டரியோடு வைக்கலாம். அல்லது வெளியே தனிப் பெட்டியாக இடுப்பு வாரிலோ தரையிலோ வைக்கலாம். மேற்பலகையின் பக்கச் சுவரில் சதுரமாக வெட்டிப் பொருத்தும் ப்ரீஆம்புகளும் மலிவாகக் கிடைக்கின்றன. பழைய கிட்டாரில் அப்படி வெட்டுவதை இக்கட்டுரை பரிந்துரைப்பதில்லை. என்றாவது அந்த மின்சுற்று பழுதாகலாம். அதே அளவில் வேறொன்று கிடைக்காவிட்டால் மிஞ்சுவது ஓட்டை மட்டுமே.

துளையிடும் முன்

நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் 1993 நவம்பரில் நியூயார்க்கில் 'எம்.டி.வி. அன்பிளக்டு' நிகழ்ச்சியில் வாசித்தது 1959ஆம் ஆண்டின் மார்ட்டின் டி-18ஈ கிட்டார். அதன் மேற்பலகையைத் துளைத்து மார்ட்டின் நிறுவனமே டிஆர்மண்ட் பிக்கப்புகளைப் பொருத்தியிருந்தது. கோபேன் அவற்றை நம்பாமல், ஒலித்துளையில் பார்ட்டோலினி பிக்கப் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். 2020இல் அக்கிட்டார் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. அது கோபேனின் பெயருக்குக் கிடைத்த விலை. சாதாரணமாக, நல்ல கிட்டார் ஒன்றில் இடும் ஒவ்வொரு துளையும் அதன் மதிப்பைக் குறைக்கும். திரும்ப மூட முடியாது. முழு மரத்தில் செய்த பழைய கிட்டார், தாத்தாவோ மாமாவோ கொடுத்த கிட்டார் என்றால், திருகு தளர்த்திக் கழற்றிவிடக்கூடிய ஒலித்துளைப் பிக்கப்பில் தொடங்குவதே அறிவு. அதன் வயரை ஒலித்துளை வழியாகவே வெளியே விட்டுக்கொள்ளலாம். பார்க்க அழகில்லை, கிட்டார் பிழைக்கும்.

பொருத்தும் முறை

உள்ளே பொருத்தும் எல்லா வகைக்கும் பொதுவான வேலை, கிட்டாரின் அடிப்புறத்தில் வார் மாட்டும் குமிழ் இருக்கும் இடத்தில் ஜாக் வைப்பது. இதற்கு சுமார் 12 மி.மீ. துளை வேண்டும். பக்கச் சுவருக்குப் பின்னால் அங்கே ஒரு மரக்கட்டை இருக்கும். துளை அதன் ஊடே நேராகப் போக வேண்டும். சாதாரண டிரில்லை வைத்து ஒரே மூச்சில் துளைத்தால் வார்னிஷ் சில்லுச் சில்லாகப் பெயரும். மாஸ்கிங் டேப் ஒட்டி, சிறு துளையில் தொடங்கி, கையால் சுற்றும் ரீமரால் மெல்ல மெல்ல அகலப்படுத்துவது பாதுகாப்பானது. பிறகு ஜாக்கை உள்ளிருந்து துளைக்குக் கொண்டுவருவது தனிச் சோதனை. ஒலித்துளை வழியே விட்ட கை அவ்வளவு தூரம் எட்டாது. வெளியிலிருந்து துளை வழியே ஒரு மெல்லிய குச்சியை நுழைத்து ஒலித்துளை வரை கொண்டுவந்து, ஜாக்கின் வாயில் அதைச் செருகி இழுத்தால் ஜாக் தானாக வந்து உட்காரும்.

சேடில் பட்டைக்குக் கம்பிகளைக் கழற்றிச் சேடிலை எடுத்துவிட வேண்டும். சேடில் உட்காரும் பள்ளத்தின் ஒரு முனையில், பட்டையின் வயர் இறங்க 3 மி.மீ. அளவில் சாய்வான துளை தேவை. துளைக்கும் முன் சிறு கண்ணாடியும் விளக்கும் வைத்து உள்ளே பார்த்து, பலகையைத் தாங்கும் பிரேஸ் எதன்மேலும் துளை விழாது என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். பட்டையின் தடிமன் சேடிலை உயர்த்திவிடும். ஆகவே அதே அளவு, ஒரு மி.மீ. சொச்சம், சேடிலின் அடியைத் தேய்த்துக் குறைக்க வேண்டும். வேலை முழுவதும் கெடுவது இங்கேதான். அடிப்பாகம் சற்றே வளைந்தாலும் பட்டையின் மேல் அழுத்தம் சமமாக இருக்காது. ஒரு கம்பி உரக்கவும் பக்கத்துக் கம்பி மங்கலாகவும் கேட்கும். கண்ணாடித் தகட்டின் மேல் உப்புத்தாளை விரித்து, சேடிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரே திசையில் தேய்ப்பது நல்லது. பள்ளத்தின் தரையும் சமமாக இருக்கிறதா என்று எஃகு அளவுகோலின் விளிம்பை வைத்துப் பார்க்க வேண்டும். சேடில் பள்ளத்தில் இறுகி நிற்கக் கூடாது; விரலால் தூக்கினால் வர வேண்டும். இறுகி நின்றால் கம்பியின் அழுத்தம் பட்டைக்கு இறங்காமல் பக்கச் சுவரிலேயே தங்கிவிடும். குறைத்துத் தேய்ப்பதில் நட்டமில்லை, மீண்டும் தேய்க்கலாம். மிகுதியாகத் தேய்த்தால் புதுச் சேடில்தான்.

உட்புற வில்லைகளுக்குப் பிரிட்ஜில் துளை எதுவும் வேண்டாம். முதலில் இரட்டைப் பக்க டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, வாசித்துக் கேட்டு, இடத்தை நகர்த்திப் பார்த்து, பிடித்த இடத்தில் சூப்பர் குளூ போட்டு நிலையாக ஒட்டுவது வழக்கம். வயர்களைப் பலகையோடு கிளிப் போட்டு நிறுத்தாவிட்டால், குறிப்பிட்ட சுரங்களில் உள்ளே எங்கோ 'கிர்ர்' என்று அதிரும். காரணம் தேடியே ஒரு மாலை போய்விடும்.

டிரில்லும் உப்புத்தாளும் பழக்கமில்லாதவர் கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே சிக்கனம்.

மேடையில்

ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி பலகையை ஆட்ட, பலகையின் ஆட்டத்தைப் பிக்கப் மீண்டும் ஒலிபெருக்கிக்கு அனுப்ப, அந்தச் சுழல் வளர்ந்து கூவலாவதே ஃபீட்பேக். கிட்டார் பெட்டிக்குள் இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸை ஒட்டி இயல்பாக அதிரும் தன்மை உடையது. எனவே 'உம்ம்' என்ற தாழ்ந்த கூவல் அங்கேதான் முதலில் எழும். ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடைத்தால் பெருமளவு அடங்கும். ப்ரீஆம்பில் 'ஃபேஸ்' பொத்தான் இருந்தால் அதை மாற்றிப் பார்க்கலாம். பலகையை ஒலிபெருக்கி தள்ளும் திசையும் பிக்கப் அனுப்பும் திசையும் அதனால் எதிரெதிராகி, சுழல் அறுபடக்கூடும். இவை இரண்டும் உதவாதபோது, சமநிலைப்படுத்தியில் கூவும் இடத்தை மட்டும் குறுகலாகக் குறைக்க வேண்டும். பேஸ் திருகை மொத்தமாகக் குறைத்தால் கூவல் நிற்கும், கிட்டாரின் உடலும் போய்விடும்.

மிக்சர் மேடையிலிருந்து தொலைவில் இருந்தால் கிட்டார் கேபிளையே அவ்வளவு தூரம் இழுக்கக் கூடாது. மேடையிலேயே டி.ஐ. பெட்டி ஒன்றில் இணைத்து, அங்கிருந்து மைக் கேபிளில் அனுப்பினால் இரைச்சல் சேராது. கேபிளைச் செருகும்போதும் கழற்றும்போதும் மிக்சரில் அந்தச் சேனலை மூடச் சொல்ல வேண்டும். அந்த 'டப்' ஒலி ஸ்பீக்கருக்கு நல்லதல்ல.

உள்ளே பேட்டரி உள்ள கிட்டார்களில் பெரும்பாலானவற்றில், கேபிள் செருகியவுடன் ப்ரீஆம்ப் இயங்கத் தொடங்கும். தனி ஸ்விட்ச் கிடையாது. நிகழ்ச்சி முடிந்து கேபிளைக் கழற்றாமல் வைத்தால் பேட்டரி தீர்ந்துபோகும். தீரும் தறுவாயில் ஒலி முதலில் கரகரக்கும். பிக்கப் கெட்டுவிட்டதோ என்று தோன்றும். கிட்டார் பையில் ஒரு புது 9 வோல்ட் பேட்டரியும், கம்பிகளைத் தளர்த்தாமல் அதை மாற்ற முடிகிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை செய்து பார்த்த பழக்கமும் இருக்க வேண்டும்.