சக்கரத்தை அகட்டினால் வண்டி நிலைக்குமா?

பாரம் ஏற்றும் சிறு பிக்கப் வண்டி இன்று நமது வட்டாரத்தில் தறிக்கும், தோட்டத்திற்கும், தோல் பதனிடும் தொழிலுக்கும் பொதுவான துணையாக இருந்து வருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோற்சரக்கும், குடியாத்தத்துக் கைலிக் கட்டும், பாலாற்றங்கரைத் தேங்காயும் இவ்வண்டிகளிலேயே பயணம் செய்கின்றன. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்று மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. எனினும் சரக்குப் போகும் வழி ஒன்றாகவே இருக்கிறது. நமது அங்கத்தினரில் சிலர் சொந்தமாக வண்டி வைத்திருக்கின்றனர். பலர் வாடகைக்கு அமர்த்துகின்றனர். இருசாராரும் அறிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்றை இங்கு எடுத்து விளக்க விரும்புகிறோம்.

உயரமாகப் பாரம் ஏற்றிய வண்டி வளைவில் ஆடுகிறது. அகலமான டயர் மாட்டினால் உட்புறம் பட்டையில் உராய்கிறது. இக்குறைகளுக்குப் பரிகாரமாக ‘வீல் ஸ்பேசர்’ என்னும் சாமான் கடைகளில் விற்கப்படுகிறது. அதை மாட்டினால் சக்கரங்கள் அகன்று நிற்கும், வண்டி சாயாது என்று சொல்லப்படுகிறது. இது எவ்வளவு தூரம் உண்மை? அதற்காக நாம் கொடுக்கும் விலை யாது?

ஸ்பேசர் என்பது யாது?

மாட்டு வண்டிச் சக்கரத்தின் நடுவில் குடம் இருப்பதுபோல, மோட்டார் வண்டிச் சக்கரத்தின் நடுவில் ‘ஹப்’ இருக்கிறது. அதிலிருந்து ஐந்து அல்லது ஆறு போல்ட்டுகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் சக்கரத் தட்டைக் கோத்து நட்டு முடுக்குகிறோம். ஹப்புக்கும் சக்கரத் தட்டுக்கும் இடையில் செருகப்படும் கனத்த உலோக வளையமே ஸ்பேசர். 25 மில்லிமீட்டர் கனமுள்ள வளையத்தை இருபுறமும் வைத்தால் ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ ஓர் அங்குலம் வெளியே தள்ளி நிற்கும்.

இதில் இரு வகை உண்டு. ஒன்று வெறும் தட்டு. பழைய போல்ட்டுகள் அதை ஊடுருவிச் சென்று சக்கரத்தையும் தாங்க வேண்டும். மற்றொன்று தனக்கெனப் போல்ட்டுகள் உடையது. முதலில் அதை ஹப்பில் முடுக்கி, பிறகு அதன்மேல் சக்கரத்தை முடுக்க வேண்டும். அலுமினியத்தாலான வளையங்களே கடைகளில் மிகுதி.

நன்மை எவ்வளவு?

வண்டி கவிழாமல் நிற்பதற்கு இரண்டு அளவுகள் முக்கியம். ஒன்று, இடது சக்கரத்திற்கும் வலது சக்கரத்திற்கும் உள்ள இடைவெளி. மற்றொன்று, வண்டியும் சரக்கும் சேர்ந்த கனமையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. இடைவெளியில் பாதியை இந்த உயரத்தால் வகுத்து வரும் எண் பெரியதானால் வண்டி எளிதில் கவிழாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இடைவெளி 140 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் எடை 1,500 கிலோ; அதன் கனமையம் 60 செ.மீ. உயரத்தில். சரக்கும் 1,500 கிலோ. அதன் கனமையம் 140 செ.மீ. உயரத்தில். இரண்டும் சேர்ந்த கனமையம் 100 செ.மீ. ஆகிறது. 70-ஐ 100-ஆல் வகுக்க 0.70 வருகிறது. இருபுறமும் 25 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் பாதி இடைவெளி 72.5 செ.மீ. ஆகி, எண் 0.725 ஆகும். நூற்றுக்கு மூன்றரைதான் லாபம்.

இப்பொழுது ஸ்பேசர் இல்லாமலேயே சரக்கை அடுக்கும் முறையை மாற்றுவோம். கனமான நூற்சிப்பங்களையும் சாயப் பீப்பாய்களையும் அடியில் பரப்பி, இலேசான பெட்டிகளை மேலே வைத்து, சரக்கின் கனமையத்தை 20 செ.மீ. இறக்கினோமானால் மொத்தக் கனமையம் 90 செ.மீ. ஆகிறது. 70-ஐ 90-ஆல் வகுக்க ஏறத்தாழ 0.78 கிடைக்கிறது. லாபம் நூற்றுக்குப் பதினொன்று; அதாவது ஸ்பேசர் தருவதைப்போல் மூன்று மடங்கு. இதற்குக் காசு செலவில்லை.

மேலும் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. பிக்கப் வண்டியின் பின்புறத்தில் ஒரே அச்சின்மேல் இரண்டு வில்பட்டைகள் பாரத்தைத் தாங்குகின்றன. வண்டியின் உடல் வளைவில் சாய்வது பெரும்பாலும் இப்பட்டைகளின்மேல்தான். ஸ்பேசர் சக்கரத்தை வெளியே தள்ளுகிறதேயன்றிப் பட்டைகளின் இடைவெளியை மாற்றுவதில்லை. ஆகவே ‘ஆட்டம்’ என்று ஓட்டுநர் உணர்வது பெரும்பாலும் அப்படியே இருக்கும். சக்கரம் அகன்று நிற்பதைக் கண்டு வேகத்தை மட்டும் அவர் கூட்டிவிட்டால் விளைவு விபரீதம். ஏலகிரி மலைப் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளை அறிந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கெடுதி எங்கே விளைகிறது?

தண்ணீர் நிறைந்த தவலையை இடுப்போடு அணைத்துச் சுமப்பது எளிது. அதையே கையை நீட்டிப் பிடித்தால் தோள் கடுக்கும். தவலையின் எடை மாறவில்லை. உடலிலிருந்து அதன் தூரமே மாறியது. ஸ்பேசர் செய்வதும் இதுவே.

மேலே சொன்ன வண்டியில் பின்சக்கரம் ஒன்றின்மேல் 900 கிலோ பாரம் விழுவதாகக் கொள்வோம். அச்சக்கரத்தை 2.5 செ.மீ. வெளியே தள்ளினால், ஒரு மீட்டர் நீளமுள்ள நெம்புகோலின் நுனியில் 22.5 கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமமான புதிய வளைவிசை அச்சின்மேல் எந்நேரமும் இருக்கும். பள்ளத்தில் விழும்போது அது பன்மடங்காகும்.

இவ்விசையை முதலில் ஏற்பது பேரிங். ஹப்பினுள் உட்புறம் பெரிய பேரிங்கும் வெளிப்புறம் சிறிய பேரிங்கும் உள்ள வண்டிகளில், பாரம் பெரியதன் பக்கமாக விழும்படி உற்பத்தியாளர் அமைத்திருப்பது வழக்கம். சக்கரத்தை வெளியே தள்ளினால் பாரம் சிறிய பேரிங்கின்மேல் சாய்கிறது. அது சூடேறி, கிரீஸ் உருகி, நாளடைவில் தேய்கிறது.

அடுத்து, அச்சும் போல்ட்டும். சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் அவை ஒருபுறமும் மறுபுறமுமாக மாறி மாறி வளைவிசைக்கு ஆளாகின்றன. இரண்டே கால் அடி உயரமுள்ள டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.1 மீட்டர் ஓடும். ஆம்பூரிலிருந்து சென்னை வரை போய்ச் சேருவதற்குள் சக்கரம் ஏறத்தாழ 90,000 முறை சுற்றிவிடுகிறது. கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்து முறிப்பதை நாம் அறிவோம். உலோகத்தின் களைப்பு என்று பொறியாளர் சொல்வது இதைத்தான். முறிவு முன்னறிவிப்பின்றி வரும். சக்கரம் கழன்று ஓடும். அப்பொழுது வண்டியில் இருப்பவர்க்கு மட்டுமன்றி, சாலையோரம் நடப்பவர்க்கும் உயிராபத்து.

வெறும் தட்டு வகையில் இன்னொரு கேடு உண்டு. 10 மி.மீ. தட்டு வைத்தால் நட்டு பிடிக்கும் மரையில் 10 மி.மீ. குறைந்துபோகும். மரைக்கு மரை 1.5 மி.மீ. இடைவெளியானால் ஆறு சுற்றுக்கு மேல் இழப்பு. போல்ட்டின் குறுக்களவு எவ்வளவோ அவ்வளவு நீளமாவது நட்டு மரையில் ஏறியிருக்க வேண்டும் என்பது பட்டறைகளில் கைக்கொள்ளும் பொது விதி. அதற்குக் குறைந்தால் அவ்வண்டியைச் சாலையில் விடலாகாது.

முன்சக்கரத்தில் வைத்தால் ஸ்டியரிங்கும் கெடும். சக்கரம் திரும்புவதற்கான மையக்கோட்டிலிருந்து டயர் தரையைத் தொடும் இடம் விலகிப்போவதால், ஒரு கல்லோ பள்ளமோ சக்கரத்தைத் தாக்கும்போது அந்த உதறல் நேரே ஓட்டுநரின் கைக்கு வரும். ஒரு பக்கம் ஈரமும் மறு பக்கம் உலர்வுமான சாலையில் பிரேக் போட்டால் வண்டி ஒருபுறம் இழுக்கும்.

உப்பும் அலுமினியமும்

நமது வட்டாரத்துக்கே உரிய ஒரு காரணம் இதனுடன் சேர்கிறது. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பிட்டு அனுப்புவது வழக்கம். அத்தோலிலிருந்து கசியும் உப்புநீர் பலகை இடுக்குகளின் வழியே பின்சக்கரங்களின்மேல் வடிகிறது. காலையில் தோல் இறக்கிய வண்டியே மாலையில் நூற்சிப்பமோ வாழைத்தாரோ ஏற்ற வருமாயின், அந்த உப்பின் விளைவு நெசவாளரையும் விவசாயியையும் சேர்ந்தே தாக்கும்.

இரும்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டு நிற்கையில் இடையே உப்புநீர் புகுந்தால் அலுமினியம் விரைவாக அரிக்கப்படும். வெண்மையான பொடி பூத்துக் கிளம்பும். சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது போல்ட்டின் தடிமன் மட்டுமன்று. முகத்தோடு முகம் இறுக ஒட்டியிருக்கும் அழுத்தமே பெரும்பகுதி வேலையைச் செய்கிறது. அம்முகங்களுக்கு இடையே பொடியும் துருவும் சேர்ந்து உதிர உதிர அவ்வழுத்தம் தளரும், நட்டும் இளகும். ஸ்பேசர் இல்லாத சக்கரத்தில் இத்தகைய முகம் ஒன்று. தனிப் போல்ட்டுடைய ஸ்பேசரில் முகங்கள் இரண்டு. அவற்றுள் உட்புறத்து நட்டுகளைச் சக்கரத்தைக் கழற்றாமல் பார்க்கவும் இயலாது.

டிராக்டரில் மட்டும் ஏன் சரி?

“டிராக்டரின் பின்சக்கரத்தை நாங்கள் அகட்டி வைப்பதில்லையா?” என்று விவசாய அங்கத்தினர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பயிர் வரிசைக்கு ஏற்பத் தட்டையும் வளையத்தையும் திருப்பி மாட்டி இடைவெளியை மாற்றும்படியே டிராக்டர் அமைக்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு அகட்டலாம் என்பது அதன் கைப்புத்தகத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அச்சின் பருமனும் அதற்குத் தக்கது. ஓடும் வேகமும் குறைவு. நெடுஞ்சாலையில் வேகமாக ஓடும் பிக்கப் வண்டிக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. உற்பத்தியாளர் இடங்கொடுத்த மாற்றம் வேறு, நாமாகச் செருகும் மாற்றம் வேறு.

சட்டத்தின் நிலை

வண்டியின் பதிவு விவரங்கள் உற்பத்தியாளரின் மூல விவரங்களுக்கு மாறுபடும்படி மாற்றம் செய்யலாகாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கூறுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தில், அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182-ஏ பிரிவு இடமளித்தது. அதிகப் பாரம் ஏற்றினால் 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் 194-ஆம் பிரிவின்படி அபராதம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை பெறுவதிலும் இம்மாற்றத்தைக் காட்டி ஆட்சேபம் எழக்கூடும்.

செய்ய வேண்டியவை

சொந்த வண்டி உள்ளோர், ஸ்பேசர் மாட்டியிருந்தால் கழற்றிவிடுவதே நலம். அகலமான டயர் உராய்வதற்காக அதை மாட்டியிருந்தால், உற்பத்தியாளர் குறித்த அளவு டயருக்குத் திரும்ப வேண்டும். கழற்றியபின் போல்ட்டுகளின் மரையைச் சோதித்து, நீண்டோ தேய்ந்தோ போனவற்றை மாற்ற வேண்டும். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டமோ, சுற்றும்போது உறுமலோ இருந்தால் பேரிங்கைக் காட்டுதல் அவசியம். நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, கைப்புத்தகம் சொல்லும் அளவுக்கு இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சரிபார்க்க வேண்டும். உப்புத்தோல் இறக்கிய அன்றே அடிப்பாகத்தையும் சக்கரங்களையும் நல்ல நீரால் கழுவுதல் வேண்டும்.

வாடகைக்கு அமர்த்துவோர், சக்கரம் மட்கார்டுக்கு வெளியே துருத்தி நிற்கிறதா என்று பின்னாலிருந்து ஒருமுறை பார்த்தால் போதும். துருத்தியிருந்தால் காரணம் கேளுங்கள்.

சங்கங்கள் வண்டிக்காரருடன் வாடகை பேசும்போதே, ஸ்பேசர் மாட்டிய வண்டியில் சரக்கு ஏற்றுவதில்லை என்பதையும், ஆர்.சி. புத்தகத்தில் கண்ட எடைக்கு மேல் ஏற்றுவதில்லை என்பதையும் நிபந்தனையாக எழுதிக்கொள்ளலாம். ஒருவர் தனியாகக் கேட்டால் வண்டிக்காரர் அலட்சியம் செய்யக்கூடும். நூறு அங்கத்தினரின் சரக்கை அனுப்பும் சங்கம் கேட்டால் செவிசாய்ப்பார். பாரம் மிகுந்த நாளில் இரண்டு அங்கத்தினர் கூடி இரண்டாவது நடைக்கு வாடகையைப் பங்கிட்டுக் கொள்வது, ஒரே நடையில் மலைபோல் குவித்து, அது சாயாமலிருக்க வளையம் தேடுவதைவிட மலிவானது. ஓட்டுநரின் உயிருக்கும் பாதுகாப்பானது.