விழத் தெரிந்தால்தான் வீழ்த்தலாம்

மாணவர்களே, அண்டர்டேக்கரின் 'சோக்ஸ்லாம்' நினைவிருக்கிறதா? கழுத்தைப் பிடித்துத் தூக்கி அடிக்கும் அந்த முத்திரைப் பிடியில், தூக்கப்படுபவரும் குதித்து உதவுகிறார். பிறகு தாடையை மார்போடு ஒட்டி, முதுகு முழுவதும் படும்படி விழுகிறார். அடி பரவுகிறது; தலை தப்புகிறது. தொழில்முறை மல்யுத்தத்தில் முடிவு முன்பே திட்டமிட்டது. விழுவது மட்டும் நிஜம்.

பெட்டாலிங் ஜெயாவுக்கு அருகே பூச்சோங்கில் இதைப் பழகியவர் 'ஃபீனிக்ஸ்' நோர் டயானா. உயரம் 155 சென்டிமீட்டர், எடை 43 கிலோ. தூடோங் அணிந்து ஆண்களோடு மோதிய அவர், 2019-இல், 19 வயதில், மலேசியாவின் 'ரெசல்கான்' பட்டத்தை வென்ற முதல் பெண்ணானார்.

வகுப்பில் நண்பனைத் தூக்கி அடித்துப் பார்க்காதீர்கள். அவனுக்கு விழும் பயிற்சி இல்லை. சிமெண்டுத் தரையும் வளைந்து கொடுக்காது. ஆர்வமிருந்தால், பயிற்றுநரிடம் முதலில் விழக் கற்றுக்கொள்ளுங்கள்.