முன் டிஃபரன்ஷியலைப் பூட்டலாமா?

நம் சங்கத்து இளைஞர்களில் சிலர் ராணுவம் கழித்துவிட்ட பழைய ஜிப்ஸி வண்டிகளை ஏலத்தில் வாங்கி வைத்திருக்கிறார்கள். விடுமுறை நாட்களில் நர்மதைக் கரை மணலிலும் மலைப் பாதைகளிலும் ஓட்டுகிறார்கள். "முன் டிஃபரன்ஷியலுக்கும் லாக் போட வேண்டும் சார், எதைப் போடலாம்? வெல்டிங் வைத்தாலே போதும் என்கிறார் மெக்கானிக்" என்று கேட்கிறார்கள். பணத்தோடு உயிரும் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ரயில் பெட்டிக்கு டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டு சக்கரங்களும் ஒரே ஆக்ஸிலில் அழுத்திப் பொருத்தப்பட்டவை, சேர்ந்தேதான் சுழலும். வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டுமே, அதற்கு என்ன வழி? சக்கரத்தின் விளிம்பு மேற்பரப்பு 20-க்கு 1 என்ற சரிவில் கூம்பாகக் கடையப்பட்டிருக்கிறது. வளைவில் சக்கர ஜோடி வெளிப்பக்கம் நகரும். வெளிச் சக்கரம் பெரிய விட்டத்திலும் உள் சக்கரம் சிறிய விட்டத்திலும் உருளும். கூர்மையான வளைவில் இந்த ஏற்பாடு போதாது. அப்போது சக்கரம் வழுக்கும். யார்டுகளில் கேட்கும் அந்தக் கிரீச் சத்தம் அதுதான்.

ரப்பர் டயருக்கு இந்தக் கூம்பு வசதி இல்லை. சக்கரங்களுக்கிடையே 1.5 மீட்டர் அகலமுள்ள வண்டி ஒரு செங்கோணத் திருப்பம் திரும்பினால், பின் ஆக்ஸிலில் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட ஏறக்குறைய 2.36 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். அந்த வித்தியாசத்தை அனுமதிப்பதற்காகத்தான் டிஃபரன்ஷியல். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு: இரு பக்கத்துக்கும் எப்போதும் சமமான முறுக்கு விசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் அதைச் சுழற்ற மிகக் குறைந்த விசை போதும். கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் அதே அளவுதான் கிடைக்கும். ஒன்று வெறுமனே சுற்ற, மற்றது அசையாமல் நிற்கும். லாக் போட்டால் இரண்டும் ரயில் சக்கரம் போல ஒன்றாகிவிடும். பிடிப்புள்ள சக்கரம் வண்டியை இழுக்கும்.

பின் ஆக்ஸிலுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். முன் ஆக்ஸில் கதை வேறு, ஏனெனில் அங்கே ஸ்டியரிங் இருக்கிறது. பூட்டிய முன் சக்கரங்கள் நேராகப் போகவே விரும்பும். ஸ்டியரிங் கனக்கும்; திருப்பினாலும் வண்டி நேரே தள்ளிக்கொண்டு போகும்.

அடுத்தது வலிமை. ஒரு கணக்குப் பாருங்கள். எஞ்சின் 300 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 4, லோ கியர் 2.5, ஆக்ஸில் 4 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 12,000. பாதி முன்னே வந்தால் 6,000. டிஃபரன்ஷியல் திறந்திருந்தால் ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் 3,000-க்கு மேல் வராது. பூட்டினால் 6,000-மும் ஒரே ஷாஃப்டில் வரலாம். சாதாரணமாக அதற்கு முன்பே டயர் வழுக்கிவிடும். சக்கரம் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டால் வழுக்காது, ஷாஃப்டோ சி.வி. ஜாயிண்டோ உடையும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிய நிலையில் ஜாயிண்ட் இன்னும் பலவீனம்.

இனி வகைகளுக்கு வருவோம்.

வெல்டிங். ஜிப்ஸியில் ஃப்ரீ வீல் ஹப் இருப்பதால், ஹப்பைக் கழற்றிவிட்டால் தார் சாலையில் ஒன்றும் தெரியாது என்பது மெக்கானிக்கின் வாதம். அது உண்மைதான். ஆனால் ஹப்பைப் போட்டு நான்கு சக்கர ஓட்டத்துக்கு வந்த நிமிடம் முதல் வண்டி திரும்ப மறுக்கும். கடினப்படுத்திய கியர் எஃகில் வைத்த வெல்டிங் விரிசல் விடும். உதிர்ந்த துண்டு கிரௌன் வீலில் சிக்கினால் ஓடும்போதே முன் ஆக்ஸில் இறுகிவிடும். இதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஆட்டோமேட்டிக் லாக்கர். எப்போதும் பூட்டியே இருக்கும். திருப்பத்தில் வேகமாக ஓடும் வெளிச் சக்கரத்தை மட்டும் பல்சக்கரம் 'டக் டக்' என்று விடுவிக்கும். பழைய கூண்டிலேயே பொருத்தக்கூடிய மலிவான வகைகளும் உண்டு. ஹப் உள்ள வண்டிக்கு, மணலிலும் பாறையிலும் மட்டும் போகிறவர்களுக்கு, இது மோசமில்லை. நான்கு சக்கரமும் எப்போதும் ஓடும் வண்டிக்கு இது வேண்டவே வேண்டாம். ஹிமாசல், லடாக் பக்கம் பனியில் ஓட்டுபவர்களுக்கும் வேண்டாம். பக்கவாட்டுச் சரிவில் திறந்த டிஃபரன்ஷியல் என்றால் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றது நின்று வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பூட்டியிருந்தால் இரண்டும் சேர்ந்து வழுக்கி, வண்டியின் மூக்கு பள்ளத்தை நோக்கி இறங்கும்.

லிமிடெட் ஸ்லிப், குறிப்பாக டார்சென் போன்ற கியர் வகை, ஸ்டியரிங்கை அதிகம் தொந்தரவு செய்யாது. பிடிப்புக் குறைந்த சக்கரத்துக்குப் போகும் விசையின் சில மடங்கை மறு பக்கத்துக்கு அனுப்பும். ஆனால் சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், பூஜ்யத்தின் எத்தனை மடங்கும் பூஜ்யமே. பிரேக்கை லேசாக மிதித்தால் கொஞ்சம் பலன் கிடைக்கும்.

2020-இல் வந்த தார், 2023-இல் இங்கு வந்த ஜிம்னி ஆகியவற்றில் இந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது: சுற்றும் சக்கரத்தை பிரேக் பிடித்து, மறு பக்கத்துக்கு விசை ஏற்றுகிறது. அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு முன் லாக் தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக, வேண்டும்போது மட்டும் பூட்டும் வகை. முன் ஆக்ஸிலுக்கு ஏற்றது இதுவே. காற்று, மின்காந்தம், கேபிள் என மூன்று விதம். காற்று வகை பலமானது. ஆனால் கம்ப்ரஸர், குழாய், ரப்பர் சீல் எல்லாம் வேண்டும். 5 கிலோ அழுத்த பிரேக் பைப்போடு ஆயுளைக் கழித்த என்னைக் கேட்டால், இணைப்பு இருக்கும் இடமெல்லாம் ஒரு நாள் கசியும் என்பேன். மின்காந்த வகைக்கு வயரும் ஸ்விட்சும் போதும். தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். லிவர் வகை பழைய பாணி. காட்டில் கோளாறு வந்தாலும் கையிலுள்ள ஸ்பானரால் சரி செய்யலாம். ஃபோர்ஸ் கூர்க்கா முன்னும் பின்னும் லாக்குகளுடன் தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. லாக் கட்டாயம் வேண்டும் என்பவர்கள், பழைய வண்டியைக் குடைவதைவிட அதை யோசிப்பது நல்லது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் விவரக் குறிப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே போடும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்டால் பயனில்லை.

ஒரே லாக்குக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் பின்னால் போடுங்கள். மேடேறும்போது பாரம் பின்னுக்குத்தான் சாயும். இரண்டும் இருந்தால், முதலில் டயர் காற்றைக் குறைத்து லோ கியரில் முயலுங்கள். பிறகு பின் லாக். அதுவும் போதாவிட்டால், வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராக்கி, முன் லாக். தடையைத் தாண்டியதும், திரும்பும் முன்பே விடுவித்துவிடுங்கள். சில சமயம் ஸ்விட்சை அணைத்தாலும் பல் பிடித்துக்கொண்டு நிற்கும். ஸ்டியரிங்கை லேசாக இடமும் வலமும் அசைத்தபடி சில அடி நகர்ந்தால் 'டக்' என்று விடுபடும். டேஷ்போர்டு விளக்கு அணைந்ததா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.