மோட்டார்ச் சைக்கிளுக்குப் புதுச் சங்கிலி

மோட்டார்ச் சைக்கிளின் வலிமை முழுவதும் அதன் இயந்திரத்திலேதான் இருக்கிறது என்பது பலருடைய எண்ணம். ஆயினும், அந்த வலிமையைப் பின்சில்லிடம் கொண்டு சேர்ப்பது, நாம் செயின் என்று வழங்கும் சங்கிலியேயாகும். அது ஓட்டத்தின்போது அறுந்தால் வண்டி நின்றுவிடும்; அவ்வளவோடு முடிந்தால் நன்று. அறுந்த சங்கிலி பற்சில்லுக்கும் சட்டத்துக்கும் இடையே சிக்கிக்கொண்டால், பின்சில்லு சுழலாது இறுகி, ஓட்டுபவர் வீதியிலே வீசப்படுவார். ஆகவே சங்கிலியை உரிய காலத்தில் மாற்றுவது சிக்கனம் பற்றிய காரியம் மாத்திரமன்று. உயிர்க்காப்புப் பற்றிய காரியமுமாகும்.

தொடக்க காலத்து மோட்டார்ச் சைக்கிள்கள் பல தோற்பட்டியினால் இயங்கின. மழையில் நனைந்தால் பட்டி வழுக்கும். இக்குறையைப் போக்கியது உருளைச் சங்கிலி. சுவிற்சர்லாந்திலே பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்ரர் நகரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனோல்ட் என்பவர் 1880ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். இன்றைய சங்கிலியும் அடிப்படையில் அதே அமைப்புடையதே.

பழைய சங்கிலி நீண்டுவிட்டது என்று சொல்வது வழக்கம். உண்மையில் இரும்புத் தகடுகள் இழுபட்டு நீள்வதில்லை. கண்ணிகளை இணைக்கும் ஊசிகளும், அவற்றைச் சூழ்ந்த குழாய்களும் தேய்கின்றன. 118 கண்ணிகளுள்ள சங்கிலியில் மூட்டு ஒவ்வொன்றும் மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு தேய்ந்தாலும், மொத்த நீளம் ஏறக்குறைய 12 மில்லிமீற்றர் கூடிவிடும். சிறிய வண்டிகளின் புதுச் சங்கிலியை இழுத்துப் பிடித்து 20 கண்ணிகளை அளந்தால் 254 மில்லிமீற்றர் இருக்கும். அது 259ஐ எட்டினால் மாற்றும் காலம் வந்துவிட்டது எனலாம். வண்டியின் கைந்நூல் வேறு எல்லை கூறுமாயின் அதுவே கொள்ளத்தக்கது.

கடையிலே வாங்கும்போது சங்கிலியிற் பொறித்த எண்ணைக் கவனித்தல் வேண்டும். 428 என்னும் எண்ணில் முதல் இலக்கமாகிய 4, ஒரு கண்ணியின் நீளம் அங்குலத்தில் எட்டில் நான்கு பங்கு, அதாவது 12.7 மில்லிமீற்றர் என்பதைக் காட்டும். ஏனைய இரண்டும் அகலத்தைக் குறிப்பன. 420 சங்கிலிக்கும் கண்ணி நீளம் அதுவே. ஆனால் அகலம் குறைவாதலால் 428இன் பற்சில்லிலே பொருந்தாது. கண்ணிகளின் தொகையும் பழையதற்கு ஒத்திருத்தல் வேண்டும். பற்சில்லுகளின் பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் அவற்றையும் உடன் மாற்றுவதே முறை; தேய்ந்த பற்கள் புதுச் சங்கிலியையும் விரைவில் தேய்த்துவிடும்.

வேலையைத் தொடங்குமுன் வண்டியைச் சமதரையில் நடுத்தாங்கியில் நிறுத்தி, சாவியை எடுத்துவிட வேண்டும். இயந்திரத்தை ஓடவிட்டுச் சங்கிலியைத் துடைக்கப் போய் விரலை இழந்தோர் உண்டு. சில்லைக் கையாலேயே சுழற்ற வேண்டும்.

முன்பற்சில்லை மாற்றுவதாயின், பழைய சங்கிலி பூட்டியிருக்கும்போதே, பின்பிறேக்கை ஒருவர் அழுத்திப் பிடிக்க, அதன் ஆணிகளைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். சங்கிலியை எடுத்த பின்னர் சில்லு பிடிகொடாது சுழலும். அதன்பின் இணைப்புக் கண்ணியிலுள்ள கிளிப்பைக் குறட்டினால் நகர்த்தி எடுத்தால் சங்கிலி பிரியும். பற்சில்லுகள் நல்ல நிலையில் இருந்தால், பழைய சங்கிலியை உருவிவிடாது, அதன் ஒரு முனையிலே புதியதன் முனையை இணைத்து, மறு முனையை மெல்ல இழுக்கலாம். பழையது வெளிவர, புதியது முன்பற்சில்லைத் தானே சுற்றி வந்துவிடும்.

அடுத்துப் பின்னச்சின் நட்டையும் இருபுறத்துச் சரிசெய் நட்டுகளையும் தளர்த்திச் சில்லை முன்னே தள்ள வேண்டும். சங்கிலியின் இரு முனைகளையும் பின்பற்சில்லின் பற்களிலே வைத்தால் அவை நழுவாது நிற்கும். இணைப்புக் கண்ணியை உட்புறத்திலிருந்து செலுத்தி, வெளித்தகட்டை இட்டு, கிளிப்பைப் பூட்ட வேண்டும். இங்கே ஒரு விதி மறக்கத்தகாதது. கிளிப்பின் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருத்தல் வேண்டும். மேற்பக்கத்திலே பார்த்தால் அது வண்டியின் முன்புறத்தை நோக்கும். பிளந்த முனை முன்னே இருந்தால், ஏதேனும் தட்டும்போது கிளிப்புக் கழன்று சங்கிலி பிரியக்கூடும்.

இனி இறுக்கம் பார்த்தல். இறுக்கமே உறுதி என எண்ணுவது தவறு. ஓட்டுபவர் ஏறி அமர்ந்து பின்பகுதி தாழும்போது, இரு பற்சில்லுகளுக்கும் இடைப்பட்ட தூரம் பொதுவாகக் கூடும். தளர்வு இல்லாவிடின் அந்த இழுவையைச் சங்கிலியும் பெட்டியினுள் இருக்கும் பெயாரிங்கும் தாங்க நேரும். கீழ்ப்பக்கத்தின் நடுவிலே மேலும் கீழும் அசைத்தால் ஏறக்குறைய 25 மில்லிமீற்றர் அசைவு பெரும்பாலான சிறு வண்டிகளுக்குப் பொருந்தும். ஆயினும் கைந்நூலின் அளவே முடிவானது. சில்லைச் சிறிது சிறிதாகச் சுழற்றிப் பல இடங்களில் அளந்து, மிக இறுகிய இடத்தைக் கொண்டே சரிசெய்தல் வேண்டும். இருபுறத்துக் குறிகளும் சமமாக நிற்றல் அவசியம். ஒருபுறம் கூடினால் சில்லு கோணி, பற்கள் ஒருபக்கமாய்த் தேயும். அச்சின் நட்டை இறுக்கிய பின் தளர்வை மீண்டும் அளக்க வேண்டும். நட்டிலே பிளவூசி இருந்தால் புதியதையே இடுதல் நன்று.

சில்லு இடம் மாறியதால் கம்பியால் இயங்கும் பின்பிறேக்கின் அளவும் மாறியிருக்கும். அதைச் சரிசெய்து, மிதித்துப் பார்த்த பின்னரே வண்டியை வீதிக்குக் கொண்டு செல்லலாம்.

புதுச் சங்கிலி முதற் சில நூறு கிலோமீற்றர் ஓட்டத்திலே சிறிது தளரும். அப்போது மறுபடி அளத்தல் வேண்டும். எண்ணெயைக் கண்ணிகளின் உட்பக்கத்தில் இட்டு, மிகுதியைத் துணியாற் துடைத்துவிட வேண்டும்; வழியும் எண்ணெய் மணலைச் சேர்க்கும், மணல் ஊசிகளைத் தின்னும். கிளிப்பு இருந்த இடத்தில் இருக்கிறதா என்று காலையிலே ஒருமுறை நோக்குவதற்கு அரை நிமிடம் போதும். பிள்ளையைப் பின்னே ஏற்றிப் பாடசாலைக்குச் செல்பவருக்கு அந்த அரை நிமிடம் வீணாகாது.