ஒரே கடலில் மூன்று கணக்கு

நெல்லை ஒருவர் புசலிலும் மற்றவர் கிலோவிலும் கணக்கிட்டால் தகராறு வரும் என்பதை நாம் அறிவோம். ஓடும் படகிலிருந்து ட்ரோன் பறக்கவிடுவோரிடையேயும் இத்தகைய தகராறு ஒன்று உண்டு.

திமிங்கிலத்தின் மூச்சோடு எழும் நீர்த்திவலைகளைச் சேகரிக்க, அமெரிக்காவின் ஓசன் அலையன்ஸ் நிறுவனம் படகிலிருந்து ட்ரோன்களை அனுப்பியுள்ளது. படகோட்டி வேகத்தை 'நொட்' கணக்கில் சொல்வார். ஒரு நொட் என்பது மணித்தியாலத்துக்கு ஒரு கடல்மைல், அதாவது 1.852 கிலோமீற்றர். முடிச்சிட்ட கயிற்றைக் கடலில் விட்டு முடிச்சுகளை எண்ணிய காலத்துப் பெயர் அது. ட்ரோனின் கருவியோ பெரும்பாலும் செக்கனுக்கு இத்தனை மீற்றர் என்று காட்டும். காற்றின் வேகமோ பல இடங்களில் மணித்தியாலத்துக்கு இத்தனை கிலோமீற்றர் என அறிவிக்கப்படும்.

எந்த அளவு நல்லது என்ற விவாதம் வெறும் வாய்ப்பேச்சல்ல. செக்கனுக்கு 15 மீற்றர் பறக்கும் ட்ரோன், 10 மீற்றர் எதிர்க்காற்றில் 5 மீற்றரே முன்னேறும். அது 10 நொட்டுக்கும் சற்றுக் குறைவு. காற்றை எதிர்த்துப் படகு 10 நொட்டில் ஓடினால், பின்தங்கிய ட்ரோன் அதை எட்டவே மாட்டாது. பற்றரி தீர்ந்து கடலில் விழும். 15ஐயும் 10ஐயும் மட்டும் பார்த்து "நம்முடையதே வேகம்" என்றிருந்தவர் ஏமாறுவார்.

தானாகத் திரும்பும் வசதியை நம்பலாமா? வழமையாக அது புறப்பட்ட இடத்துக்கே ட்ரோனைக் கொண்டுவரும். பத்து நிமிடத்தில் படகு 3 கிலோமீற்றர் கடந்திருக்கும்.

வழி எளியது. செக்கனுக்குரிய மீற்றரை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய நொட் கிடைக்கும். எந்த அளவும் பிழையல்ல. புறப்படுமுன் எல்லோரும் ஒரே அளவில் பேச உடன்படுவோம்; அதுவே பாதுகாப்பு.