மீன் முட்டைக்கு மருந்துக் குளியல்!
அளவு தவறினால் குஞ்சு இல்லை

சின்னப் பட்டாணி அளவு உருண்டை. இளம் ஆரஞ்சு நிறம். இதுதான் ட்ரௌட் மீனின் முட்டை.

குளிர்ந்த நீரில் வாழும் மீன் இது. நம் நீலகிரியிலும், அவலாஞ்சியில், 1907-ல் இதற்குப் பண்ணை அமைத்தார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த மீனைப் பெருமளவில் வளர்க்கிறார்கள்.

தாய் மீனிடமிருந்து முட்டைகளை எடுத்து, ஓடும் நீரில் தட்டுகளில் பரப்புகிறார்கள். குஞ்சு வெளிவர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும்.

பஞ்சு போல ஒரு பகைவன்

அந்த ஒரு மாதமும் கண்டம்தான்! சில முட்டைகள் செத்து வெளுத்துவிடும். செத்த முட்டையின் மேல் பஞ்சு போலப் பூஞ்சை காளான் படரும். பக்கத்திலுள்ள உயிருள்ள முட்டைகளையும் அது மூடிக்கொள்ளும். அவை மூச்சு முட்டிச் சாகும்.

இதைத் தடுக்க மருந்து தேடினார்கள். 1930-களில் மாலகைட் கிரீன் என்ற பச்சைச் சாயம் வந்தது. பட்டுக்குப் போடும் சாயம்! காளான் ஒழிந்தது. ஆனால் ஊனமான குஞ்சுகள் பிறப்பது பிறகு ஆராய்ச்சியில் தெரிந்தது. சாயம் மீனின் உடலிலும் நெடுநாள் தங்கியது. இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் உணவு மீனுக்கு இதைப் பயன்படுத்த அனுமதி இல்லை.

பார்மலினும் காளானைக் கொல்லும். ஆனால் அதன் நெடி, வேலை செய்கிறவருக்கே ஆகாது. அதிலுள்ள பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு கூறியது.

புண்ணைக் கழுவினால் நுரைக்குமே, அந்த ஹைட்ரஜன் பெராக்சைடையும் உபயோகிக்கிறார்கள். 2007-ல் அமெரிக்கா இதை மீன் முட்டைகளுக்கு அனுமதித்தது. வேலை முடிந்ததும் இது தண்ணீராகவும் பிராணவாயுவாகவும் பிரிந்துவிடும்.

பத்தே நிமிஷம்

முட்டையின் மேல் ஒட்டியிருக்கும் நோய்க்கிருமிகளைக் கொல்ல அயோடின் குளியல் உண்டு. 10 லிட்டர் நீரில் 1 கிராம் அயோடின். 10 நிமிஷம். பிறகு நல்ல நீரில் அலச வேண்டும்.

இதிலும் ஆபத்து இருக்கிறது. சில இடத்துத் தண்ணீரில் அயோடின் மருந்து கலந்தால் புளிப்பு ஏறிவிடும். அந்தப் புளிப்பே முட்டையைக் கொல்லும். அதனால் சோடா உப்பைச் சேர்த்துச் சரிப்படுத்துகிறார்கள்.

குஞ்சு வெளிவர ஐந்து நாள் இருக்கும்போதே அயோடினை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் குஞ்சு காலத்துக்கு முன்பே வெளியே வந்துவிடக்கூடும். குறைப்பிரசவம் போலத்தான்!

இன்னொன்று: முட்டைக்கு உள்ளே புகுந்துவிட்ட கிருமியை அயோடின் தொடாது. தாய் மீன் நோயில்லாமல் இருந்தால்தான் அதற்கு வழி.

மருந்து எதுவானாலும் செத்த முட்டைகளை உடனுக்குடன் பொறுக்கி எடுப்பதும், தண்ணீர் சுத்தமாக ஓடுவதும்தான் முதல் வைத்தியம். சுத்தம் இருந்தால் மருந்து குறையும். குழந்தை வளர்க்கும் தாய்மாருக்கு இதைச் சொல்லவும் வேண்டுமா?