ஆய்வு பகலில், ஆபத்து ராத்திரியில்! முதியோர் இல்லங்களில் பார்க்க வேண்டியது என்ன?

சென்னை,

வாசலில் கோலம். ஹாலில் குத்துவிளக்கு. சுவரில் சாமி படம். மேஜை மேல் பிளாஸ்டிக் ரோஜா. நிர்வாகி எழுந்து கை கூப்புகிறார்.

"கவலையே படாதீங்க சார். எங்க அம்மா மாதிரி பாத்துக்கறோம்."

மகன் அட்வான்ஸ் பணத்தை எண்ணி வைக்கிறார். ரசீது வருகிறது. அம்மாவின் துணிப்பை உள்ளே போகிறது. "ஞாயித்துக்கிழமை வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு மகன் பஸ் பிடிக்க ஓடுகிறார்.

எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது!

பழைய ஸ்கூட்டர் வாங்கினால் பிரேக்கைப் பிடித்துப் பார்க்கிறோம். கத்தரிக்காய் வாங்கினால்கூட புழு ஓட்டை இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிறோம். பெற்ற தாயை ஒப்படைக்கிற இடத்தில் மட்டும் ஹாலோடு திரும்பிவிடுகிறோம்.

பெற்றோரை இல்லத்தில் விடுவதே பாவம் என்று சொல்வதற்கில்லை. ஒண்டுக் குடித்தனம். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். பக்கவாதம் வந்த அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க வீட்டில் ஆள் கிடையாது. என்ன செய்வது? விடுவதில் தப்பில்லை. பார்க்காமல் விடுவதுதான் தப்பு.

நாலு தீ, நாலும் இருட்டில்!

2001 ஆகஸ்டு 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகையில் விடியும் முன்பே தீ பிடித்தது. உள்ளே இருந்தவர்களின் கால்களில் சங்கிலி! ஓட முடியவில்லை. 28 பேர் பலியானார்கள். சுப்ரீம் கோர்ட்டே தானாக முன்வந்து வழக்கை எடுத்தது.

2011 டிசம்பர் 9. கொல்கத்தாவில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி. அடித்தளத்தில் குவித்து வைத்திருந்த சாமான்களில் தீ பிடித்தது. புகை மாடிக்கு மாடி ஏறியது. படுத்த படுக்கையிலேயே மூச்சுத் திணறி செத்தவர்கள்தான் அதிகம். உயிரிழந்தவர்கள் சுமார் 90 பேர்.

2023 ஜனவரி 1. டெல்லி கிரேட்டர் கைலாஷ் பகுதியில் ஒரு முதியோர் இல்லம். புத்தாண்டு விடியும் முன்பே தீ. 2 மூதாட்டிகள் பலி.

2024 டிசம்பர் 12. திண்டுக்கல்லில் ஒரு தனியார் எலும்பு முறிவு ஆஸ்பத்திரி. ராத்திரி நேரத்தில் தீ. ஒரு குழந்தை உள்பட குறைந்தது 6 பேர் பலி. லிப்டுக்குள் சிக்கியவர்களும் அதில் உண்டு.

ஊர் வேறு, வருஷம் வேறு, காரணம் வேறு. ஆனால் நாலிலும் ஒற்றுமை இருக்கிறது. உள்ளே இருந்தவர்களில் பலர் தானாக எழுந்து ஓட முடியாதவர்கள். நாலு தீயுமே பிடித்தது இருட்டில்!

அதிகாரிகள் சோதனைக்கு வருவதோ பகலில். ஆபீஸ் நேரத்தில்!

மூதாட்டி போட்ட கூச்சல்

ஜீப் வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் என்ன நடக்கும்? பெட்ஷீட் மாறும். பினாயில் வாசனை தூக்கும். அன்றைக்கு மட்டும் சாம்பாரில் காய் மிதக்கும். ஜீப் போனதும் பழைய குருடி கதவைத் திறடி!

காகிதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். டாக்டர், நர்ஸ் வைத்து வைத்தியமும் பார்க்கிற இடம் என்றால், 1997-ம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். தீயணைப்புத் துறையின் லைசென்சு இருக்கிறதா, தேதி முடிந்துவிட்டதா என்று கேட்டு வாங்கிப் பார்க்கலாம். காட்ட மறுக்கிறார்களா? அங்கேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ஆனால் காகிதம் மட்டும் ஆளைக் காப்பாற்றிவிடாது.

2018 பிப்ரவரி மாதம். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் பக்கம் பாலேஸ்வரத்தில் இருந்த ஒரு இல்லத்தைப் பற்றி தமிழ்நாடே பேசியது. ஒரு வேன். அதற்குள் ஒரு பிணம். கூடவே காய்கறி மூட்டை. பக்கத்தில் உயிரோடு ஒரு மூதாட்டி! அவர் போட்ட கூச்சலில் பொதுமக்கள் வேனை மடக்கினார்கள். அதன் பிறகு அதிகாரிகள் படையெடுத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தவறு எதுவும் நடக்கவில்லை என்று நிர்வாகம் மறுத்தது.

வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த இல்லத்தின் மேல் ஊர் உலகத்தின் கண்ணைத் திருப்பியது எது? ஒரு கிழவியின் தொண்டை! எல்லாக் கிழவிகளுக்கும் அப்படிக் கத்தத் தெம்பு இருக்குமா?

குதிகாலைப் பாருங்கள்

படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் நிலைமையை அறிய முகத்தைப் பார்த்தால் போதாது. போர்வையை விலக்கிக் குதிகாலைப் பார்க்க வேண்டும். இடுப்பு, முதுகுக்குக் கீழே, முழங்கை, இந்த இடங்களையும் பார்க்க வேண்டும்.

ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தால் அந்த இடத்துக்கு ரத்தம் போகாது. முதலில் சிவக்கும். விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு மறையாது. அதுதான் படுக்கைப் புண்ணின் ஆரம்பம். அப்போதே கவனிக்காவிட்டால் தோல் வெடித்து, சதை அழுகி, எலும்பு வரை போய்விடும். ஏர் பெட் வாங்கிப் போட்டுவிட்டால் மட்டும் ஆகாது. 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைப்பதுதான் பொதுவான வழக்கம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒரு வார்டில் 20 பேர் படுத்த படுக்கை. ராத்திரியில் ஒரே ஒரு ஆயா. ஒருவரைத் திருப்பிப் போட்டு, துணியைச் சரி செய்ய 5 நிமிஷம் என்று வைத்துக்கொண்டாலும் 20 பேருக்கு 100 நிமிஷம். 2 மணி நேரம் என்பது 120 நிமிஷம். மிச்சம் 20 நிமிஷம்! அதற்குள் ஈரத்துணி மாற்ற வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், கூப்பிட்ட குரலுக்கு ஓட வேண்டும். இந்தக் கணக்கு விடிய விடிய!

முடியுமா? முடியாது. அப்புறம் ஆயாவைத் திட்டி என்ன பிரயோசனம்? "ராத்திரி டூட்டியில் எத்தனை பேர்?" என்று நிர்வாகியைத்தான் கேட்க வேண்டும். பதில் வந்ததும் படுக்கைகளை எண்ணிப் பாருங்கள்.

டம்ளர் எங்கே?

கட்டில் பக்கத்தில் தண்ணீர் இருக்கிறதா? இருந்தால் போதாது, கைக்கு எட்டுகிறதா? பாத்ரூமுக்கு அடிக்கடி கூட்டிப் போக வேண்டுமே என்று தண்ணீரைக் குறைக்கிற இடமும் உண்டு. நாக்கு வறண்டு கிடந்தால் சந்தேகப்படலாம்.

சாப்பாடு ஊட்டும் நேரத்தில் போய்ப் பாருங்கள். படுக்க வைத்தபடியே கஞ்சியை ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். நிமோனியா காய்ச்சல் வரும். உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். ஊட்டிய பிறகும் அரை மணி நேரமாவது தலையைத் தூக்கி வைக்க வேண்டும்.

மருந்து டப்பாவைப் பாருங்கள். யார் பெயருக்கு, என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, கொடுத்தது யார் என்று நோட்டில் கையெழுத்து இருக்க வேண்டும். பகல் 11 மணிக்கும் வார்டே தூங்கி வழிகிறதா? "வயசாச்சு, தூங்கறாங்க" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுக்காத தூக்க மாத்திரை நடமாடுகிறதா என்று கேளுங்கள். மணிக்கட்டில் துணி கட்டிய தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது பாத்ரூம். பிடித்துக்கொள்ள கம்பி உண்டா? தரை ஈரமா? ராத்திரி விளக்கு எரிகிறதா? உள்ளே விழுந்துவிட்டால் வெளியே இருந்து தாழ்ப்பாளைத் திறக்க வழி இருக்கிறதா? இந்த வயதில் ஒரு தடவை வழுக்கினால் இடுப்பு எலும்பு போச்சு. அதோடு படுக்கைதான்.

சாவி யார் இடுப்பில்?

கடைசியாகப் பின்பக்கம் போங்கள். "அங்கே ஒண்ணும் இல்ல சார்" என்பார்கள். அங்கேதான் எல்லாம் இருக்கிறது!

பின்கதவு பூட்டியிருக்கிறதா? சாவி யாரிடம்? அவர் ராத்திரி அங்கேயே படுக்கிறாரா, வீட்டுக்குப் போய்விடுகிறாரா? மாடிப்படியில் பழைய மெத்தையும் உடைந்த நாற்காலியும் அடைத்துக் கிடக்கிறதா? நடக்க முடியாதவர்களை மாடியில் போட்டிருக்கிறார்களா? தீ பிடித்தால் லிப்டில் ஏறக்கூடாது. அப்படியானால் அவர்களைக் கீழே தூக்கி வரப் போவது யார்?

சுவரில் தீயணைப்புக் கருவி தொங்கும். அதன் முள் பச்சைக் கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். அதை எடுத்து இயக்கத் தெரியுமா என்று ஆயாவையே கேளுங்கள். "பெரியவரு வந்தாதான் தெரியும்" என்றால் அது வெறும் அலங்காரம்!

நீங்களும் ஒரு இன்ஸ்பெக்டர்தான்

ஞாயிற்றுக்கிழமை 11 மணிக்கு மகன் வருவான் என்று இல்லத்துக்கே மனப்பாடம். 10 மணிக்கே அம்மாவுக்குத் தலை வாரி, பவுடர் பூசி, நல்ல புடவை கட்டி உட்கார வைத்துவிடுவார்கள். "எப்படிம்மா இருக்கே?" என்றால், "எனக்கென்னப்பா, ராஜாத்தி மாதிரி இருக்கேன். நீ சாப்பிட்டியா?" என்பார். நிர்வாகி பக்கத்தில் நின்றால் அம்மா வேறு எப்படிப் பேசுவார்?

ஆகவே நேரத்தை மாற்றுங்கள். புதன்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் போங்கள். அம்மாவைத் தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். பக்கத்துக் கட்டிலையும் ஒரு பார்வை பாருங்கள். அங்கே கிடப்பவருக்கு வாரா வாரம் வர யாரும் இல்லாமல் இருக்கலாம். அவருக்கும் சேர்த்து நீங்கள்தான் இன்ஸ்பெக்டர்.

தப்பு தெரிந்தால் வாயை மூடிக்கொண்டு அம்மாவை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றிவிடாதீர்கள். 14567 என்பது முதியோர் உதவி எண். காசு கிடையாது. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம். அவசரம் என்றால் எந்த நேரமும் 112. மாவட்ட சமூக நல அலுவலரிடமும் கலெக்டரிடமும் மனு கொடுக்கலாம்.

விட்டுவிட்டு எட்டிப் பார்க்காத பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, காப்பாற்ற வேண்டிய முதியவரைக் கைகழுவும் எண்ணத்தோடு எங்காவது விட்டுவிட்டுப் போனால் 3 மாதம் வரை ஜெயில், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்! அந்த எண்ணம் மனதில் இல்லாவிட்டாலும், வருஷக்கணக்கில் வராத மகனை நினைத்து வாசலைப் பார்த்துக் கிடக்கும் அம்மாவுக்கு வித்தியாசம் தெரியுமா?

ஒரே ஒரு நாள், ராத்திரி 10 மணிக்கு மேல் போய் அந்த இல்லத்தின் கதவைத் தட்டுங்கள். "அம்மாவுக்கு மாத்திரை கொண்டாந்திருக்கேன்" என்று சொல்லுங்கள். உள்ளே விளக்கு எரிந்து, ஆள் எழுந்து, சாவியைத் தேடி, கதவு திறக்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள்.

தீ அத்தனை நிமிஷம் காத்திருக்காது!